கையெழுத்தும் தலையெழுத்தும்

(சுருத பஞ்சமி விழாவில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

 

ஜினாலயத்துப் பேழையில் இருக்கும் ஏடுகளையும் நூல்களையும் வெளியே எடுத்து, தூசி துடைத்து, புதிய துணியில் பொதிந்து வணங்கும் நன்னாள் இது. அந்நூல்களில் உள்ள அறத்தின் பெருமையைச் சான்றோர் பலர் இம்மேடையில் எடுத்துரைப்பர். அந்நூல்களை நம்மிடம் கொண்டுவந்து சேர்த்த ஒன்றைப் பற்றி நான் பேச விரும்புகிறேன். அது மனிதரின் கையெழுத்து. நம் கையெழுத்தையும் நம் பிள்ளைகளின் கையெழுத்தையும் திருத்திக்கொள்வது எவ்வாறு என்பதே என் பேச்சின் பொருள்.

கைப்பேசியில் விரலை வைத்தால் எழுத்து வந்து விழுகிற காலத்தில் இது எதற்கு என்று இளைஞர்கள் எண்ணக்கூடும். நியாயமான கேள்விதான். ஆயினும், பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வு விடைத்தாள்களைப் பிள்ளைகள் இன்றும் கையால்தான் எழுதுகின்றனர். முன்பின் அறியாத ஓர் ஆசிரியர், கட்டுக் கட்டாகக் குவிந்த தாள்களுக்கு நடுவே அவற்றைப் படிக்கிறார். காசோலையில் தொகையை எழுத்தால் எழுதுகிறோம். மருந்துச் சீட்டு பலவிடங்களில் இன்னும் கையெழுத்தாகவே வருகிறது. இந்த இடங்களிலெல்லாம் ஓர் எழுத்து மயங்கினால் மதிப்பெண்ணோ, பணமோ, உடல்நலமோ கெடும். இந்திய மருத்துவக் கழகம் 2016ஆம் ஆண்டில் தன் நெறிமுறைகளைத் திருத்தியபோது, மருந்தின் பொதுப்பெயரைத் தெளிவாகவும் இயன்றவரை ஆங்கிலப் பெரிய எழுத்துகளிலும் எழுதுமாறு மருத்துவர்களைக் கேட்டுக்கொண்டது. எழுத்தின் தெளிவை ஒரு விதியாகவே வகுக்க வேண்டியிருந்தது என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

நம் ஊர்களில் ஒரு பேச்சு உண்டு. "கையெழுத்து நன்றாக இருந்தால் தலையெழுத்து நன்றாக இராது" என்பார்கள். கிறுக்கி எழுதும் பிள்ளைக்கு ஆறுதலாகவும், அழகாக எழுதும் பிள்ளையைக் கேலி செய்யவும் இது பயன்படுகிறது. நம் நெறியில் வந்தவர்கள் இதைச் சற்று நின்று சிந்திக்க வேண்டும். நம் தலையில் யாரோ ஒருவர் எழுதிவிட்டுப் போனார் என்று அருகன் நெறி சொல்லவில்லை. வினை செய்தவரையே சேரும். அதைக் கட்டுவதும் நாமே, களைவதும் நாமே. அப்படியானால், தலையெழுத்து என்று ஒன்று இருக்குமாயின் அதுவும் நம் கையெழுத்துத்தான். ஆகவே கையெழுத்தைத் திருத்திக்கொள்ள முடியாது என்று சோர்வதற்கு நமக்கு இடமில்லை.

ஓரெழுத்து மிகினும் குறையினும்

சுருத பஞ்சமியின் வரலாற்றை நீங்கள் அறிவீர்கள். நினைவின் வழியாகவே வந்த ஆகம அறிவு, காலப்போக்கில் நினைவாற்றல் குன்றுவதால் மறைந்துவிடுமே என்று கவலையுற்றார் தரசேன ஆசாரியர். கிர்நார் மலையின் சந்திர குகையில் இருந்த அவர், தகுதி வாய்ந்த முனிவர் இருவரை வரவழைத்தார். புட்பதந்தர், பூதபலி என்று பின்னாளில் பெயர்பெற்ற அவ்விருவரையும் சோதிப்பதற்காக ஆளுக்கொரு மந்திரத்தைக் கொடுத்தார். ஒன்றில் ஓரெழுத்து மிகுதியாக இருந்தது. மற்றொன்றில் ஓரெழுத்து குறைவாக இருந்தது. அவர்கள் ஓதியபோது, எழுத்து மிகுந்த மந்திரத்திற்குப் பல் நீண்ட தேவதையும், எழுத்து குறைந்த மந்திரத்திற்கு ஒற்றைக்கண் தேவதையும் தோன்றின என்பது மரபு. முனிவர் இருவரும் தேவதையின் உருவில் உள்ள குறையைக் கண்டு, மந்திரத்தின் குறையை உய்த்துணர்ந்து, எழுத்தைத் திருத்தி மீண்டும் ஓதினர். தேவதைகள் தம் இயல்பான வடிவில் தோன்றின. அதன் பின்னரே ஆசாரியர் அவர்களுக்குப் பாடம் சொன்னார். அதன் பயனாகவே ஷட்கண்டாகமம் நூல்வடிவம் பெற்றது.

தரசேனர் அவர்களிடம் எழுத்தின் மீது உள்ள கவனத்தைச் சோதித்தார். ஞானாசாரம் எட்டனுள், எழுத்தின் தூய்மை, பொருளின் தூய்மை, அவ்விரண்டும் இணைந்த தூய்மை என மூன்றை நம் முன்னோர் தனித்தனியே வைத்துள்ளனர். பொருள் சரியாக இருந்தால் போதாதா, எழுத்து எப்படி இருந்தால் என்ன என்ற கேள்விக்கு அவர்கள் அன்றே விடை சொல்லிவிட்டனர்.

ஆதிபகவன் தம் மகள் பிராமிக்கு எழுத்தையும், சுந்தரிக்கு எண்ணையும் கற்பித்தார் என்று ஆதிபுராணம் கூறும். மக்கள் வாழ அவர் வகுத்த ஆறு தொழில்களுள் ஒன்று 'மசி'. மசி என்றால் மை. அதாவது எழுதும் தொழில். வாளும் உழவும் வணிகமும் நிற்கும் வரிசையில் எழுத்துப் பணியும் நிற்கிறது.

அப்பணியை நம்மவர் எத்துணைப் பொறுப்புடன் செய்தனர் என்பதற்குக் கல்லே சான்று. மதுரையை அடுத்த மாங்குளத்தில், சமணத் துறவியருக்குப் பாழி அமைத்துக் கொடுத்த செய்தி தமிழ்ப் பிராமி எழுத்தில் பாறையில் வெட்டப்பட்டுள்ளது. இரண்டாயிரம் ஆண்டுகள் கடந்தும் அதைப் படிக்க முடிகிறது. செஞ்சிக்கு அருகில் உள்ள திருநாதர்குன்றில், சந்திரநந்தி ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பு இருந்து உயிர் நீத்த செய்தியை வட்டெழுத்தில் காண்கிறோம். அந்தப் பெரியவரைப் பற்றி நமக்குத் தெரிந்ததெல்லாம் அந்தச் சில சொற்களே. உளி பிடித்தவர் அன்று கவனம் குறைந்திருந்தால் அவருடைய பெயரோ, நோன்பின் நாட்கணக்கோ நமக்குக் கிடைத்திராது.

கன்னட நாட்டில் அத்திமப்பை என்னும் அம்மையார், பொன்னரின் சாந்திபுராணத்தை ஆயிரம் படிகள் எழுதச் செய்து தானமாக வழங்கினார் என்பர். ஆயிரம் படி என்றால் அதற்கு எத்தனை கைகள் உழைத்திருக்க வேண்டும்! ஷட்கண்டாகமத்தின் தவள உரை, மூடபித்ரியில் பழங்கன்னட எழுத்தில் அமைந்த ஓலைச்சுவடிகளில் பன்னெடுங்காலம் காக்கப்பட்டு, 20ஆம் நூற்றாண்டில் அச்சேறியது. இடையில் யாரோ ஒருவர் தெளிவாக எழுதிவைத்ததால்தான் இன்று நாம் அதை வணங்குகிறோம்.

ஓலை கற்பிக்கும் பாடம்

ஓலையில் எழுதுவது எளிதான செயலன்று. இடக்கையில் ஓலையைத் தாங்கி, இடக்கைக் கட்டைவிரல் நகத்தில் செய்த சிறு பிளவில் எழுத்தாணியைச் சார்த்தி, ஓலையை நகர்த்தி நகர்த்தி எழுதினர். கீறிய எழுத்து கண்ணுக்குத் தெரிய, மையும் இலைச்சாறும் தடவினர். தவறாகக் கீறிவிட்டால் அழிக்க இயலாது. ஆதலால் ஒவ்வோர் எழுத்தையும் எழுதும் முன்பே அதன் வடிவம் மனத்தில் நிற்க வேண்டியிருந்தது. நல்ல கையெழுத்துக்கு இதுவே முதற்பாடம். கை தானே ஓடுவதை நிறுத்தி, மனம் முன்னே செல்லக் கை பின்னே வர வேண்டும்.

ஓலை மற்றொரு பாடத்தையும் கற்பிக்கிறது. ஏட்டில் பெரும்பாலும் மெய்யெழுத்துக்குப் புள்ளி இராது. எகர ஏகார வேறுபாடும், ஒகர ஓகார வேறுபாடும் தெரியாது. துணைக்காலும் ரகரமும் ஒரே வடிவில் இருக்கும். சொற்களுக்கிடையே இடைவெளியும் இல்லை. உ.வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்கும் முன் இந்த மயக்கங்களோடு எவ்வளவு போராடினார் என்பதையும், கும்பகோணத்துச் சமண அன்பர்கள் நூற்பொருளை விளக்கி அவருக்குத் துணைநின்றதையும் நாம் அறிவோம். ஏட்டில் இருப்பது 'பாவை'யா 'பரவை'யா, 'காகம்' என்பதா 'கரகம்' என்பதா என்று இடம் நோக்கியே துணிய வேண்டும். பாவை என்றால் பெண். பரவை என்றால் கடல். 'எரி' என்றால் நெருப்பு. 'ஏரி' என்றால் நீர்நிலை. நெருப்பையும் நீரையும் பிரித்துக்காட்டுவது ஒரு சிறு கோடு!

ஏடெழுதியவர்களுக்கு அந்தக் கோடும் புள்ளியும் வழக்கில் இல்லை. நமக்கு இருக்கின்றன. இருந்தும் அவசரத்தில் அவற்றை விட்டுவிடுகிறோம். "எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான், படித்தவன் பாட்டைக் கெடுத்தான்" என்னும் பழமொழி இத்தகைய இடத்தில்தான் பிறந்திருக்க வேண்டும்.

இங்கே ஒன்றைத் தெளிவுபடுத்த விரும்புகிறேன். நல்ல கையெழுத்து என்று நான் கூறுவது முத்து முத்தான அலங்கார எழுத்தை அன்று. படிப்பவர் ஓரிடத்திலும் தடுக்காமல், ஊகிக்காமல், இரண்டாம் முறை பார்க்காமல் படிக்கக்கூடிய எழுத்தே நல்ல எழுத்து. எழுதும்போது நாம் மிச்சப்படுத்தும் ஒரு நிமிடம், படிப்பவருக்குப் பத்து நிமிடத் துன்பமாகிறது. பத்துப் பேர் படித்தால் துன்பம் பத்து மடங்கு. பிறர்க்கு இன்னல் செய்யாமை என்பதைச் சொல்லிலும் உணவிலும் கடைப்பிடிக்கும் நாம், எழுத்திலும் கடைப்பிடிக்கலாமே!

எங்கே இடறுகிறது?

கையெழுத்தைத் திருத்த விரும்புவோர் முதலில் செய்ய வேண்டியது, தம் எழுத்தின் குறை எது என்று அறிவது. "என் கையெழுத்தே மோசம்" என்று பொதுவாகச் சொல்வதால் பயனில்லை. நீங்கள் வழக்கமாக எழுதும் வேகத்தில் ஒரு பக்கம் எழுதுங்கள். மறுநாள் அதை வீட்டில் மற்றொருவரிடம் கொடுத்து உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். நீங்கள் உதவ வேண்டா. அவர் எந்தச் சொல்லில் நிற்கிறாரோ, எதைத் தவறாகப் படிக்கிறாரோ அதைச் சுற்றி வட்டமிடுங்கள். பக்கம் முடிந்தபின் வட்டங்களைப் பாருங்கள். திரும்பத் திரும்ப வருபவை ஐந்தாறு எழுத்துகளாகவே இருக்கும். அவற்றைத் திருத்தினால் எழுத்து முழுவதும் திருந்தியதுபோல் தோன்றும்.

தமிழில் பெரும்பாலும் இடறும் இடங்கள் சில. ரகரத்தின் கீழே சாய்ந்து வரும் வாலை எழுதாவிட்டால் அது துணைக்காலாகிவிடும். ஆகவே வாலைத் தெளிவாக இழுக்க வேண்டும். இரண்டு சுழி னகரத்தையும் மூன்று சுழி ணகரத்தையும் எழுதும்போது சுழிகளை எண்ணத்தக்கவாறு இடைவிட்டு எழுத வேண்டும். வேகத்தில் இரண்டும் ஒன்றாய்ப் போனால் 'மனம்' எது, 'மணம்' எது என்று தெரியாது. ழகரமும் முகரமும் அவசரத்தில் ஒன்றுபோல் ஆகும். ழகரத்தின் கீழ்ச்சுழியை வரிக்குக் கீழே இறக்கி எழுதினால் மயக்கம் தீரும். லகரத்தின் முதற்சுழி சிதைந்தால் அது வகரம்போல் தோன்றும். பகரத்தின் இரு மூலைகளும் மழுங்கினால் அது யகரத்தையோ மகரத்தையோ ஒக்கும்.

அடுத்து, எழுத்தோடு சேரும் குறிகள். ஒற்றைக்கொம்புக்கும் இரட்டைக்கொம்புக்கும் உள்ள வேறுபாடு, படிப்பவர் தேடாமலே தெரிய வேண்டும். 'கெடு' என்பதும் 'கேடு' என்பதும் வேறு. 'பெறு' என்பதும் 'பேறு' என்பதும் வேறு. கொம்பு அது சேரும் எழுத்தோடு நெருங்கியும், முன்னெழுத்திலிருந்து சற்று விலகியும் நிற்க வேண்டும். புள்ளி மெய்யெழுத்தின் தலைக்கு நேர் மேலே அமைய வேண்டும். சொல் முழுவதையும் எழுதிவிட்டுப் புள்ளிகளைப் பின்னர் தெளிப்பது பலருக்கு வழக்கம். அதனால் புள்ளி அடுத்த எழுத்தின்மேல் போய் அமர்கிறது, அல்லது விடுபடுகிறது. 'பல்' என்பது வாயில் இருப்பது. 'பல' என்பது எண்ணிக்கை. புள்ளியை அந்தந்த எழுத்தை முடிக்கும்போதே இடுவது நன்று.

எண்களை மறந்துவிடக் கூடாது. 1, 7 ஆகியவையும் 4, 9 ஆகியவையும் ஒன்றோடொன்று மயங்குபவை. வீட்டில் முதியவர்க்குத் தரும் மருந்தின் அளவைக் குறித்துவைக்கும்போது, அரை என்பதை 0.5 என்று முன்னே சுழியத்தோடு எழுதுங்கள். வெறும் புள்ளியும் ஐந்தும் எழுதினால், புள்ளி மறைந்து ஐந்தாகிவிடும். ஐந்து என்பதை 5.0 என்று எழுதாமல் 5 என்றே எழுதுங்கள். இல்லையேல் அது ஐம்பதாகிவிடும்.

இடைவெளியும் வரியும் மூன்றாவது. சொல்லுக்கும் சொல்லுக்கும் இடையே ஓரெழுத்தின் அளவு இடம் விடுக. எழுத்துகள் யாவும் ஒரே வரியில் அமரட்டும்; அவற்றின் உயரம் ஏறத்தாழ ஒன்றாக இருக்கட்டும். சாய்த்து எழுதுவோர் எல்லா எழுத்தையும் ஒரே பக்கமாகச் சாய்க்கட்டும். தமிழில் மேல்விலங்கும் புள்ளியும் மேலே எழும். ழகரமும் ருகரமும் கீழே இறங்கும். ஆகவே மேல்வரியின் காலும் கீழ்வரியின் தலையும் மோதாதபடி வரிகளுக்கிடையே இடம் வேண்டும். எழுத்து வடிவம் மாறாமலிருக்க, இடைவெளியை மட்டும் சீர்செய்தாலே பாதி குறை நீங்கிவிடுவதைக் காண்பீர்கள்.

கையும் பேனாவும்

எழுத்து கெடுவதற்குக் கையின் களைப்பும் ஒரு காரணம். பேனாவைக் கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் மெல்லப் பற்ற, நடுவிரல் கீழே தாங்க வேண்டும். முனையிலிருந்து ஓரங்குலத்திற்குச் சற்று மேலே பிடித்தால், எழுதுவது கண்ணுக்குத் தெரியும். விரல் நுனி வெளுக்கும்படி இறுக்கிப் பிடிப்போர்க்கு ஒரு பக்கத்திலேயே கை வலிக்கும். எழுதிய தாளின் பின்புறத்தைத் தடவிப் பாருங்கள். எழுத்துகள் புடைத்திருந்தால் நீங்கள் தேவைக்கு மேல் அழுத்துகிறீர்கள். பந்துமுனைப் பேனாவை ஓரளவு அழுத்தியே எழுத வேண்டும். மைப் பேனாவுக்கு அழுத்தம் மிகக் குறைவாகவே தேவை; ஆதலால் பயிற்சிக்கு அது நன்று.

விரல்களால் மட்டும் எழுதாமல் மணிக்கட்டும் முன்கையும் சேர்ந்து நகர வேண்டும். முதுகு நிமிர்ந்து, பாதங்கள் தரையில் படிந்து, முன்கை மேசைமேல் தங்க அமர்வது நலம். தரையில் அமர்ந்து எழுதுவோர்க்கு, பழைய கணக்கர்கள் பயன்படுத்திய சாய்வுப் பலகை போன்ற ஒன்று உதவும். தாளை நேராக வைக்காமல், வலக்கையால் எழுதுவோர் சற்று இடப்புறமும், இடக்கையால் எழுதுவோர் சற்று வலப்புறமும் சாய்த்து வைத்துக்கொள்ளலாம்.

நாள்தோறும் கால்மணி நேரம்

பயிற்சிக்கு நாள்தோறும் 15 நிமிடம் போதும். ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் எழுதுவதைவிட நாளும் கால்மணி நேரம் எழுதுவதே பயன் தரும். முதல் ஐந்து நிமிடத்தில், வட்டமிட்ட எழுத்துகளுள் இரண்டை எடுத்து ஆளுக்கொரு வரி எழுதுங்கள். வரி முடிந்ததும் அவற்றுள் மிகச் சிறந்த ஓரெழுத்தைத் தேர்ந்து அடிக்கோடிடுங்கள். அடுத்த வரிக்கு அதுவே மாதிரி. இரண்டாம் ஐந்து நிமிடத்தில், அவ்வெழுத்துகள் வரும் சொற்களை எழுதுங்கள். கடைசி ஐந்து நிமிடத்தில், நல்ல நூலிலிருந்து ஒரு பத்தியைப் பார்த்து எழுதுங்கள். வாரத்திற்கு இரண்டு எழுத்துக்கு மேல் வேண்டா.

தொடக்கத்தில் உங்கள் வழக்கமான வேகத்தில் பாதியில் எழுதுங்கள். வடிவம் கைவந்த பிறகு வேகம் தானே வரும். தேர்வெழுதும் மாணவர்கள், இரண்டாம் மாதத்திலிருந்து கடிகாரத்தை வைத்துக்கொண்டு, தெளிவு கெடாத உச்ச வேகம் எது என்று கண்டறிய வேண்டும். தேர்வு மண்டபத்தில் அந்த வேகத்தைத் தாண்டாதபடி விடையின் நீளத்தை அமைத்துக்கொள்ள வேண்டும். வாரந்தோறும் நாள் குறித்து ஒரு பக்கம் எழுதி ஒரே கோப்பில் சேர்த்து வையுங்கள். மூன்று மாதம் கழித்து முதற்பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் அருகருகே வைத்துப் பாருங்கள். வேறு யாரும் சான்றிதழ் தர வேண்டியதில்லை.

வயது கடந்துவிட்டது என்று பெரியவர்கள் தயங்குவதுண்டு. கையெழுத்தை இளமையில் புறக்கணித்ததற்காகத் தாம் பின்னாளில் வருந்தியதைக் காந்தியடிகள் தம் சத்திய சோதனையில் எழுதியுள்ளார். தென்னாப்பிரிக்காவில் பிறருடைய அழகிய கையெழுத்தைக் கண்டு அவர் நாணினார். அரைகுறைக் கல்வியின் அடையாளமாகவே மோசமான கையெழுத்தைக் கொள்ள வேண்டும் என்பது அவர் கருத்து. எழுத்தைக் கற்பிக்கும் முன் குழந்தைகளுக்கு ஓவியம் வரையக் கற்பிக்க வேண்டும் என்றும் அவர் அறிவுறுத்தினார். கண்ணால் வடிவத்தைக் கூர்ந்து நோக்கப் பழகிய கை, எழுத்தையும் அவ்வாறே வரையும் என்பதே இதன் கருத்து. பெற்றோர் இதை மனத்தில் கொள்ளலாம்.

குழந்தைகளிடம் கனிவு

பெற்றோர்க்கும் ஆசிரியர்க்கும் ஒரு வேண்டுகோள். கையெழுத்துக்காகக் குழந்தையை அடிக்கவோ, பிறர் முன் தாளைக் காட்டி இகழவோ கூடாது. ஒரே சொல்லை நூறு முறை எழுதச் சொல்லும் தண்டனையால், முதல் பத்துக்குப் பின் எழுத்து மேலும் கெடுவதையே காண்கிறோம். களைத்த கை தவறான வடிவத்தையே பழகிக்கொள்ளும். நூறு முறைக்குப் பதிலாக, அருகில் அமர்ந்து பத்து முறை எழுதச் சொல்லுங்கள். "இதில் எது உனக்கு நன்றாகத் தோன்றுகிறது?" என்று கேளுங்கள். தன் எழுத்தைத் தானே மதிப்பிடக் கற்ற குழந்தைக்குக் கண்காணிப்பு தேவையில்லை.

இடக்கைப் பழக்கமுள்ள குழந்தையை வலக்கைக்கு மாற்ற முயல வேண்டா. ஆதிபகவன் சுந்தரிக்கு எண்ணை இடக்கையால் எழுதிக் காட்டினார் என்பது நம் மரபு. அவ்வாறிருக்க, இடக்கையைக் குறையாக நினைக்க நமக்கு என்ன காரணம் இருக்கிறது?

சில குழந்தைகள் எவ்வளவு முயன்றாலும் எழுதுவதில் இடர்ப்படுவர். வாயால் கேட்டால் விடை சொல்லும் பிள்ளை, தாளில் எழுத முடியாமல் தவிக்கும். சோம்பல் என்று எண்ணி அதைத் தண்டிக்கிறோம். அது டிஸ்கிராஃபியா எனப்படும் எழுதுதிறன் குறைபாடாக இருக்கலாம். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இத்தகைய கற்றல் குறைபாடுகளையும் ஏற்றுள்ளது. மருத்துவச் சான்று பெற்றால், தேர்வில் கூடுதல் நேரமும் சொல்வதை எழுதுபவரின் துணையும் கேட்டுப் பெற வழி உண்டு. இதை மறைக்க வேண்டிய தேவை எதுவும் இல்லை. ஐயம் எழுந்தால் குழந்தை மருத்துவரை அணுகுங்கள்.

வீட்டுக்கோர் ஏடு

இறுதியாக, இவ்வவையின் முன் ஒரு வேண்டுகோளை வைக்கிறேன். நம் இல்லங்களில் பாட்டிமார் எழுதிவைத்த தோத்திரக் குறிப்பேடுகள் இருக்கின்றன. விரத நாள்களும், பூசை முறைகளும், குடும்பத்தார் பெயர்களும் அவற்றில் உள்ளன. 1978இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை நடைமுறைப்படுத்தியது. அதற்கு முன் பள்ளியில் பயின்றோர், லை, னை, ணை முதலியவற்றை யானைத் துதிக்கை போன்ற கொம்பிட்டு எழுதினர். றா, னா, ணா ஆகியவற்றுக்கும் வேறு வடிவம் இருந்தது. இன்றைய பிள்ளைகள் பலர் அவற்றைக் கண்டதும் திகைக்கின்றனர். கிரந்த எழுத்தில் எழுதிய ஏடுகளின் நிலை இதனினும் கடினம். படிக்கத் தெரிந்தவர் மிகச் சிலரே. படிக்கத் தெரிந்த பெரியவர் மறைந்துவிட்டால், அந்த ஏடு வீட்டில் இருந்தும் இல்லாததாகிவிடும். தரசேன ஆசாரியர் கொண்ட கவலை, சிறிய அளவில், ஒவ்வொரு வீட்டிலும் இன்று இருக்கிறது.

ஆகவே, அடுத்த சுருத பஞ்சமிக்குள் வீட்டுக்கு ஒருவர் ஓர் ஏடு எழுத முன்வர வேண்டும். பெரியவர் படிக்க, இளையவர் எழுதட்டும். முன்னோர் பெயர்கள், பூர்வீக ஊர், அவ்வூர் ஜினாலயம், வீட்டில் நோற்கும் விரதங்கள், திருவிழா நாளில் செய்யும் பலகாரங்களின் பக்குவம், பாட்டி பாடும் பாடல்கள் ஆகியவை அதில் இடம்பெறட்டும். தடித்த நல்ல தாளில், நீர் பட்டால் கரையாத மையால், ஓரத்தில் தாராளமாக இடம் விட்டு எழுதுங்கள். ஏடெழுதியோர் வழக்கப்படி முடிவில் எழுதியவர் பெயரும் ஊரும் நாளும் குறித்திடுங்கள். எழுதி முடித்ததும், வேறொருவர் தடுக்காமல் படிக்கிறாரா என்று பார்த்துவிடுங்கள். அதன் ஒரு படியை அறக்கட்டளை நூலகத்தில் வைக்க நிர்வாகத்தார் இடமளிப்பர் என்று நம்புகிறேன்.

கணினியில் தட்டச்சு செய்து வைக்கலாமே என்று கேட்பீர்கள். செய்யுங்கள், அதுவும் வேண்டியதே. ஆனால் பெரியவரும் இளையவரும் அருகருகே அமர்ந்து கையால் எழுதும்போது, ஒவ்வொரு பெயரிலும் சற்று நின்று செல்ல நேர்கிறது. அந்த இடைவேளையில் "இவர் யார் தாத்தா?" என்ற கேள்வி பிறக்கிறது. ஏட்டில் இல்லாத செய்தியும் அப்போது வெளிவருகிறது. எழுதும் பிள்ளைக்கு எழுத்தும் திருந்தும், குடும்பமும் தெரியும்.

சாத்திர தானம் என்பது செல்வர் செய்வது என்று எண்ண வேண்டா. தெளிவாக எழுதிய ஒரு பக்கமும் சாத்திர தானமே. நாம் யாரென்று அறியாத ஒருவர், நாம் இல்லாத ஒரு காலத்தில், அந்தப் பக்கத்தைத் தடையின்றிப் படிப்பார். நாம் இன்று வணங்கும் ஏடுகளை எழுதியோர் நமக்குச் செய்ததும் அதுவே.